‘படித்தேன்’ என்று எழுதிக் கொடுத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் வளாக இயக்குநர் ஆதிநாராயணன் அவர்களே, இயந்திரவியல் துறைத் தலைவர் பேராசிரியர் அன்புசெல்வன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பூவராகவன் சாரின் துணைவியார் கெங்கம்மாள் அம்மா அவர்களே, மகள் பூமிகா, ஆசிரியர்களே, மாணவர்களே, முதல் ஷிப்டு முடித்து முகம் மட்டும் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கும் சிப்காட் தொழிலாளத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் கல்பனா. இந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் உதவி நூலகர். நூலகர் பூவராகவன் அவர்களுக்கு எதிர்மேசையில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்தவள். பதினாறு நாட்களுக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை, வேப்பம்பட்டில் தன் வீட்டு வாசலில் ரயிலுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தார். மாரடைப்பு. ஐம்பத்தேழு வயது. அன்று ஒன்பதே கால் வரைக்கும் நான் இங்கே உட்கார்ந்து, ‘இந்த மனுஷன் மறுபடியும் ரயிலை விட்டுவிட்டார்’ என்று திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டை நான் இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வந்தால்தானே எடுத்துக்கொள்ள முடியும்?

இரங்கல் கூட்டத்தை அரங்கத்தில் வைக்கலாம் என்று இயக்குநர் சொன்னார். வேண்டாம், இந்த வாசிப்பறையிலேயே, சனிக்கிழமை மூன்று மணிக்கே வைக்கலாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ஏன் சனிக்கிழமை? ஏன் மூன்று மணி? தோழர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

நூலகர் என்றால் புத்தகத்தை அடுக்குகிறவர் என்று ஊர் நினைக்கிறது. நம்மிடம் புத்தகம் இருபதாயிரம். அவற்றை அடுக்க அலமாரி போதும். ஆனால் இங்கே இருக்கும் கணினிகளுக்குள் கோடிக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் கிடக்கின்றன. உலகத்தில் எங்கெங்கோ யார் யாரோ ஆராய்ந்து எழுதியவை. அவற்றைத் தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளங்களுக்குப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் உள்ளே போன முக்கால்வாசிப் பேர் வெறுங்கையோடு திரும்பி வந்து, ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்கிறார்கள். இல்லையா, அல்லது தேடத் தெரியவில்லையா? இந்தக் கேள்வியோடுதான் பூவராகவன் சார் வாழ்ந்தார்.

பேராசிரியர் அன்புசெல்வன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்து இதைச் சொல்கிறேன். ஒரு நாள் அவர் தரவுத்தளம் பழுதாகிவிட்டது என்று வேகமாக வந்தார். சார் போய்ப் பார்த்தார். தேடும் கட்டத்தில் பேராசிரியர் முழு வாக்கியம் ஒன்றை, கடைசியில் கேள்விக்குறி வரைக்கும் போட்டு, தட்டி வைத்திருந்தார். சார் சிரிக்கவே இல்லை. “சார், அது உங்க ஸ்டூடண்ட் இல்ல. நீங்க கேள்வி கேட்டா பயந்துகினு பதில் சொல்லாது” என்றார். பேராசிரியரே இப்போது சிரிக்கிறார், பாருங்கள்.

பிறகு ஒரு பழைய தாளைத் திருப்பி, நான்கு கட்டம் போட்டார். யாருக்கு? எங்கே? எதனால்? என்ன ஆயிற்று? ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று சொற்கள். நாம் ஒரு பொருளை ஒரு பெயரால் சொல்லுவோம், கட்டுரை எழுதியவர் வேறு பெயரால் எழுதியிருப்பார், அதனால் இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும் என்பார். கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்தால் கணினி ஆறாயிரத்தை இருநூறாக்கும். ஆண்டைக் குறுக்கி, மற்ற அறிஞர்கள் சரிபார்த்த கட்டுரைகள் மட்டும் போதும் என்றால் முப்பதாகும். ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்துக் கழித்தால் ஒன்பதில் வந்து நிற்கும். “ஒம்போது வந்தா உக்காந்து படிக்கலாம். ஒம்போதாயிரம் வந்தா எழுந்து போய் டீ குடிக்கலாம்” என்பார். இந்த வளாகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய எத்தனை பேர் அந்த நான்கு கட்டத்தைக் கடந்து போனீர்கள் என்று உங்கள் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, சந்தா ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. நாற்பத்தொரு பக்கம். அதையெல்லாம் யார் படிப்பார்கள்? நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்து வாங்கும் இடத்தில் பென்சிலால் குறி போட்டு வைத்தேன். சார் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்து, பதினேழாம் பக்கத்தைக் காட்டினார். பல்கலைக்கழகத்தில் படிக்காதவராக இருந்தாலும், நூலகத்துக்கு நேரில் வந்து உட்காருகிறவர் இந்தத் தரவுத்தளங்களைப் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு விதி இருந்தது. அது எல்லா ஆண்டும் இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

“கல்பனாம்மா, சுத்தி நூத்துக்கணக்குல கம்பெனி கீது. அங்க வேலை செய்றவங்க ஒருத்தராவது இந்தக் கதவைத் தாண்டி வந்திருக்காங்களா?” என்று கேட்டார். வந்ததில்லை. அப்போதிருந்த நிர்வாகம் இரண்டு ஆண்டு தயங்கியது. வெளியாட்கள் வந்தால் என்ன ஆகும் என்றது. சார் பதினேழாம் பக்கத்தை நகல் எடுத்து வைத்துவிட்டு, அங்கேயே நின்றார். அவர் நின்றால் நின்றதுதான். சனிக்கிழமை மூன்று மணி முதல் ஆறு மணி வரை, ஜன்னலோர இரண்டு கணினிகள் தொழிலாளர்களுக்கு என்று முடிவானது. அதோ, அந்த இரண்டு நாற்காலிகள்தான். இன்று அவற்றில் யாரும் உட்காராமல் விட்டிருக்கிறீர்கள். உங்கள் மரியாதை புரிகிறது. ஆனால் சாருக்கு அது பிடித்திருக்காது.

முதலில் வந்தவர் ரகு. பின்வரிசையில் நிற்கிறார். சிப்காட்டில் ஒரு ஈய உருக்காலையில் உலைப் பிரிவு. ஆலையின் பெயர் வேண்டாம். அவரும் உடன் வேலை செய்கிறவர்களும் வயிற்றை முறுக்கும் வலியோடு, கை அசந்து போய்க் கிடந்தார்கள். உலைக்கு மேல் புகையை இழுக்கும் கூண்டு வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். கூண்டு வைத்தால் பலன் உண்டு என்று எங்கே எழுதியிருக்கிறது, கொண்டுவாருங்கள் என்று கம்பெனி சொன்னது. அதைத் தேடித்தான் ரகு வந்தார். கூட வரதன் என்ற நண்பர்.

இப்போது நான் சொல்லப் போவதை ஒன்பது ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. சாருக்கு மட்டும் தெரியும்.

கட்டுரை கிடைத்தது. எல்லாக் கட்டுரைக்கும் தலைப்பின் கீழ் பத்து வரியில் ஒரு சுருக்கம் இருக்கும். கூண்டு வைத்த ஆலையில் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது என்று அந்தச் சுருக்கம் சொன்னது. வேறென்ன வேண்டும்? சுருக்கத்தை ஒரு தாளில் எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் சந்தோஷமாகப் போனார்கள். பேச்சுவார்த்தையில் கம்பெனி அதிகாரி முழுக்கட்டுரையையும் மேசைமேல் வைத்தார். எட்டாம் பக்கத்தை வாசித்தார். ஆறு மாதத்தில் ஈயம் பழைய அளவுக்கே ஏறிவிட்டது என்று அதில் இருந்தது. “உங்க பேப்பரே கூண்டு வேலைக்கு ஆகாதுன்னு சொல்லுது” என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை ரகு வந்து அந்தத் தாளை சார் மேசையில் வைத்தார். “இன்னா சார், தலைய மட்டும் காட்டி அனுப்ச்சிட்டீங்க. உள்ள இன்னா கீதுன்னு நீங்களே பாக்கலியா?” என்று கேட்டார்.

சார் எழுந்து நின்றார். “தப்பு என்னுதுதான் ரகு. நான் படிக்கல” என்றார்.

அவர் மீது தப்பில்லை. அந்த சனிக்கிழமை பூமிகாவின் பள்ளிக்கூட விழாவுக்கு சார் விடுப்பில் போயிருந்தார். தேடியது நான். சுருக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தது நான். முந்தின வாரம் சாரிடம்தான் கேட்டுவிட்டுப் போயிருந்ததால், சார் தேடி வைத்த தாள் என்றே ரகு நினைத்துக்கொண்டார்; நானும் திருத்தவில்லை. ஆரம்பாக்கத்துக்கு ஐந்தே முக்கால் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தவள் நான். ரகு என்னைப் பார்க்கவே இல்லை. சார் எழுந்து நின்றபோது நான் எதிரே தலையைக் குனிந்து பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், அல்லது அப்படி நடித்தேன்.

அன்று சார் முழுக்கட்டுரையையும் எடுத்துப் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் விடை இருந்தது. கூண்டின் வடிகட்டியை யாரும் சுத்தம் செய்யாததால்தான் ஈயம் மறுபடி ஏறியது, சுத்தம் செய்த பிரிவில் ஏறவில்லை. எட்டாம் பக்கத்தோடு நிறுத்திய அதிகாரியைப் பதில் சொல்ல முடியாமல் செய்ய ஒரு பக்கம் போதுமாக இருந்தது. அந்தப் பக்கம் நம் ஆட்கள் கையில் இல்லை. மறுபடி பேச்சுவார்த்தை நடந்து கூண்டு ஏறுவதற்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. அந்தப் பதினான்கு மாதத்தில் வரதனின் வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போய், வேலையை விட்டார். இன்று அவர் ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் டீக்கடையில் இருக்கிறார். தினமும் காலையில் இடது கையால் எனக்கு டீ எடுத்துக் கொடுக்கிறார். “மேடம், சக்கரை கம்மியா?” என்று கேட்பார். நான் காசைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறுகிறேன்.

ரகு, அந்தத் தாள் என்னுடையது. உங்களிடமும் வரதனிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்பது ஆண்டு பாக்கி இருக்கிறது. சாரை எழுந்து நிற்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவள், இன்று நின்று கேட்கிறேன்.

அந்த வாரத்திலிருந்து சார் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். இந்த நூலகத்திலிருந்து வெளியே போகும் எந்தக் கட்டுரையானாலும், முதல் எழுத்திலிருந்து கடைசி அடிக்குறிப்பு வரை படித்துவிட்டு, முதல் பக்கத்தின் மேல்மூலையில் சிவப்பு மையால் ‘படித்தேன்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். கூடவே தோழர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம்: கட்டுரை என்ன சொல்கிறது, எந்தப் பக்கத்தில் சொல்கிறது, எங்கே பலவீனம். படிக்காமல் ஒரு தாளும் தரமாட்டார். ‘அவசரம் சார்’ என்று காலில் விழுந்தாலும் தரமாட்டார். உங்கள் வீட்டில் இருக்கும் தாள்களை எடுத்துப் பாருங்கள், அந்தச் சிவப்பு எழுத்து இருக்கும்.

எப்போது படித்தார்? வேப்பம்பட்டிலிருந்து சென்னைக்கு ஒரு ரயில், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு ரயில். தினமும் போக வர நாலரை மணி நேரம். இங்கேயே வீடு பார்க்கலாமே சார் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். “ஊடு மாத்திட்டா எப்பமா படிப்பேன்? ஒரு பயணத்துல ஒரு கட்டுரை முடியுது” என்பார். கெங்கம்மாள் அம்மா, உங்களிடம் அவர் வேறு காரணம் சொல்லியிருக்கலாம். எங்களிடம் சொன்னது இதுதான்.

என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். “நீங்களும் படிக்கிறீங்க. பாதி வேலை உங்களுது. போடுங்க” என்பார். நான் மாட்டேன் என்பேன். தேடித் தருகிறேன், படித்தும் சொல்கிறேன், கையெழுத்து நீங்கள் போடுங்கள் என்பேன். ஒருமுறை கொடுத்த தாள் என்ன செய்தது என்று தினமும் டீக்கடையில் பார்க்கிறவள் எப்படிப் போடுவேன்? அவருக்கும் அது தெரியும். வற்புறுத்தவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தச் சிவப்புப் பேனாவை என் பக்கம் தள்ளி வைப்பார். நான் திருப்பித் தள்ளுவேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, ரகுவின் மனைவி கன்னியம்மா வந்தார். ஆறு வயது மகள் மோனிகாவின் ரத்தப் பரிசோதனைத் தாள் கையில் இருந்தது. குழந்தையின் ரத்தத்திலும் ஈயம்.

“சார், அவ கம்பெனி கேட்டைக் கூடப் பாத்ததில்ல. நான் குடுக்குற சோறு, நான் குடுக்குற தண்ணி, அவ்ளோதான் அவளுக்கு. அப்ப என் கைலதான் ஏதாவது கீதா? நான் இன்னா பண்ணிட்டேன் சார்?”

சார் வெறும் ஆறுதல் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்ல அவருக்கு வாய் வராது. பழைய தாளைத் திருப்பி நான்கு கட்டம் போட்டார். யாருக்கு? வீட்டில் இருக்கும் குழந்தைக்கு. எங்கே? உருக்காலைத் தொழிலாளி வீட்டில். எதனால்? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். “இத நாங்க கண்டுபிடிக்கிறோம்மா. அதுவரைக்கும் நீங்கதான்னு முடிவு கட்டாதீங்க” என்றார்.

மூன்று வாரம் தேடினோம். கிடைத்த கட்டுரைகளெல்லாம் ஆலைக்குள்ளேயே நின்றன. கடைசியில் ஒரு கட்டுரையின் பின்னால் இருக்கும் மேற்கோள் பட்டியலில், முப்பத்திரண்டாவதாக, தொழிலாளர் வீடுகளைப் பற்றிய பழைய கட்டுரை ஒன்றின் தலைப்பு தட்டுப்பட்டது. அந்த ஆய்விதழுக்கு நம் பல்கலைக்கழகம் சந்தா கட்டவில்லை. தேடினால் சுருக்கம் மட்டும் வந்தது. பத்து வரி. நம்பிக்கையான பத்து வரி. நான் சாரைப் பார்த்தேன். சார் என்னைப் பார்த்தார். இருவருமே வரதனை நினைத்தோம். அச்செடுக்கவில்லை. அதை எழுதிய ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர், கடல் தாண்டி எங்கோ இருக்கிறார். அவருடைய முகவரியைத் தேடிப் பிடித்து, ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று சார் மின்னஞ்சல் எழுதினார். தினமும் காலையில் வந்ததும், “வந்துதா?” என்பார். “வரல சார்” என்பேன். புதன்கிழமை மாலையும் அதைத்தான் கேட்டுவிட்டுப் போனார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அந்த ஒரு சொல்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டுரை வந்தது.

நூலகத்தின் மின்னஞ்சலைத் திறந்தால், பத்தொன்பது பக்கம். ‘அன்புள்ள திரு. பூவராகவன்’ என்று தொடங்கும் நான்கு வரிக் கடிதம். தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார் அந்த அம்மையார். நான் வாய்விட்டு, “சார், வந்துடுச்சி” என்று சொல்லிவிட்டேன். எதிர்மேசையைப் பார்த்துத்தான் சொன்னேன். கண்ணாடி உறை, சிவப்புப் பேனா, பாதி மடித்த நாளிதழ் எல்லாம் அங்கேயே இருந்தன. பத்தொன்பது ஆண்டுப் பழக்கம், நாக்குக்கு யார் போய்ச் சொல்வது?

நண்பர்களே, எனக்கு அவர் வேண்டும். இதை எப்படி நாகரிகமாகச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பத்து நிமிடம், அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து, நான் படித்தது சரியா என்று பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி போனால்கூடப் போதும். அப்படி யாரும் வருவதில்லை என்று தெரிந்தும் தினமும் ஒன்பதே காலுக்குக் கதவைப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, பதினோராம் நாள் காரியத்துக்கு வேப்பம்பட்டுக்குப் போனேன். அவர் போகும் அதே இரண்டு ரயில். அந்தப் பத்தொன்பது பக்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டேன். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டே இருந்தன. அந்தக் கூட்டத்திலும் இரைச்சலிலும் எப்படிப் படித்தார் என்று முதல் அரைமணி நேரம் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. திருநின்றவூர் தாண்டும்போது கடைசி அடிக்குறிப்பில் இருந்தேன். வேப்பம்பட்டு வந்தபோது முடித்துவிட்டேன். அவர் சொன்ன கணக்கு சரிதான், ஒரு கட்டுரைக்கு ஒரு பயணம். திரும்பி வரும்போது இரண்டாம் தடவை படித்தேன்.

கன்னியம்மா, உங்களுக்குத்தான் சொல்கிறேன். பக்கம் பதினொன்று. ஈயம் உங்கள் சோற்றிலிருந்து வந்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை. உலையில் வேலை செய்கிறவரின் சட்டை, செருப்பு, தலைமுடி இவற்றில் படிந்த தூசியாக வீட்டுக்குள் வந்தது என்கிறது. அந்தத் துணியைக் குழந்தையின் துணியோடு துவைத்த வீடுகளில் அதிகம். குளித்து உடை மாற்றிவிட்டு வர ஆலையில் இடம் இருந்த வீடுகளில் குறைவு. நீங்கள் செய்தது என்ன? வீட்டுக்காரர் சட்டையைத் துவைத்தீர்கள். அது உங்கள் குற்றம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. குளிக்க இடம் தராதது யார் என்பதுதான் கேள்வி.

பக்கம் பதினான்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகாரி அதைத்தான் வாசிப்பார். ஆராய்ந்தது இருபத்தாறு வீடுகள் மட்டும். சிறிய ஆய்வு என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதோடு நிறுத்தினால் பக்கம் பதினைந்தைக் காட்டுங்கள். அதற்கு முன் வேறு ஊர்களில் நடந்த மூன்று ஆய்வுகளும் இதையே சொல்கின்றன என்று அங்கே இருக்கிறது. அந்த மூன்றையும் எடுத்துவிட்டேன். அவற்றில் ஒன்று இன்னும் படித்து முடியவில்லை. முடித்த பிறகுதான் தருவேன். திங்கட்கிழமை குளியலறை கேட்டுப் பேச்சுவார்த்தை என்று ரகு சொன்னார். நாளைக்குள் முடித்துவிடுவேன், ரயிலில் ஏறியாவது.

சாருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று இயக்குநர் கேட்டார். படத்திறப்பு நடந்துவிட்டது, மகிழ்ச்சி. சனிக்கிழமை மூன்று மணி நிற்காது என்று அவரும் இந்த மேடையில் வாக்குக் கொடுத்துவிட்டார், நன்றி. என் பங்குக்கு எனக்கு ஒரு வேலைதான் பாக்கி.

இது சாரின் பேனா. பூமிகா, உன் அனுமதியோடு எடுத்துக்கொள்கிறேன். என் பக்கம் எத்தனையோ தடவை தள்ளி வைத்தார், இந்தத் தடவை திருப்பித் தள்ள எதிரே ஆள் இல்லை.

மேல்மூலை. இன்றைய தேதி.

படித்தேன். கல்பனா.

கன்னியம்மா, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.